தலையணைப் படம் வைத்த எண்

ஜூலை 4

மாண்புமிகு அக்கா அவர்களின் மேலான கவனத்துக்கு,

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கப்படுவது: நம் வீட்டு டிவி ரிமோட்டில் சத்தம் குறைக்கும் பொத்தான் நேற்று மாலை அம்மாவின் கட்டைவிரலுக்கு அடியில் உயிர் துறந்தது. சில காலமாகவே அமுக்கினால் உள்ளே போய் வெளியே வர மறுத்துக்கொண்டிருந்தது. சத்தம் கூட்டும் பொத்தான் பூரண நலத்துடன் இருக்கிறது. ஆகவே நம் வீட்டில் இனி சத்தம் ஏறும், இறங்காது. அம்மாவைப் போலவே. மறைந்த பொத்தானுக்கு அரைநாள் துக்கம் அனுசரித்தேன். மீதி அரைநாளும் அனுசரிக்கப் பார்த்தேன், பள்ளிக்கூடத்துக்குத் துரத்திவிட்டாள்.

என் போன் இன்னும் பீரோவில் போர்வைகளுக்கு அடியில் ஆயுள் தண்டனை அனுபவிக்கிறது. தலைமையாசிரியர் எழுதுவது போலவே 'நாளை விடுமுறை' என்று வகுப்புக் குழுவில் ஓர் அறிக்கை போட்டேன். பாதி வகுப்பு மறுநாள் வரவில்லை. என் எழுத்துநடைக்கு இதைவிடப் பெரிய விருது வேண்டுமா? அம்மாவுக்கு இலக்கிய ரசனை கிடையாது.

சரி, என் போன் சிறையில் இருக்கிறது. உன் போனுக்கு என்ன வந்தது? எப்போது கூப்பிட்டாலும் அணைந்து கிடக்கிறது. வாரத்துக்கு ஒரு முறை விடுதி போனில் வந்து, "இங்க சிக்னலே இல்லம்மா" என்கிறாய். ஆஸ்பத்திரி மொட்டைமாடியிலேயே செல்போன் கோபுரம் நிற்கிறது, அதன் கீழே துணி காயப்போடுவோம் என்று நீதானே சொன்னாய்? அம்மா நம்புகிறாள். நான் நம்பவில்லை. "சாப்பிட்டேன்" என்று நீ சொல்கிற விதத்திலேயே சாப்பிடவில்லை என்பது கேட்கிறது. போன வாரம் அம்மா "சிரிச்சுப் பேசேன்டி" என்றதும் நீ ஒரு சிரிப்பு சிரித்தாயே, அது உன் சிரிப்பே இல்லை.

யாரோ உன்னை ஏதோ செய்கிறார்கள். யார் என்று எழுது. போன் சமாசாரத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது உனக்கே தெரியும். ஆளைக் கண்டுபிடித்து, மடித்து, உறையில் போட்டு அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உன் ஒரே தம்பி (அம்மா அதற்கே அலுத்துக்கொள்கிறாள்)


ஜூலை 9

டேய் வாலு,

உன் கடிதத்தை மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். பொத்தான் செய்திக்குச் சிரித்தேன். சத்தம் வெளியே வந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இங்கே நான் சிரித்தாலும் எங்கேயோ போய்ச் சேருகிறது.

இதை அம்மாவிடம் காட்டாதே. சொன்னால் மறுநாளே பெட்டியோடு வந்து வார்டு வாசலில் நிற்பாள்.

நான் வேலை பார்க்கும் வார்டில் எங்களுக்கெல்லாம் மேலே ஒரு மூத்த நர்ஸ் இருக்கிறார். எல்லோரும் பெரிய சிஸ்டர் என்போம். ஒரு நாள் டாக்டர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டு வந்தபோது பெரிய சிஸ்டர் ஒரு மருந்தின் அளவைச் சொன்னார். அது முந்தின நாள் அளவு, மாற்றியாகிவிட்டது என்று நான் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். டாக்டர் முன்னால் சொன்னதுதான் வினையாகிவிட்டது.

எங்கள் வேலையில் ஒப்படைப்பு என்று ஒன்று உண்டு. ஒரு ஷிப்ட் முடிந்து போகிறவர், வருகிறவரை ஒவ்வொரு படுக்கையாக அழைத்துப் போய், இவருக்கு இது ஆயிற்று, இது ஆகவேண்டும் என்று வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும். எழுதி வைத்தாலும் சொல்லத்தான் வேண்டும். அந்த நாளுக்குப் பிறகு பெரிய சிஸ்டர் நான் வரும் முன்பே நடைவழியில் மற்றவர்களிடம் சொல்லி முடித்துவிடுகிறார். என்னிடம், "எல்லாம் எழுதியிருக்கு, படிக்கத் தெரியும்ல?" என்கிறார். போன மாதம் ஏழாம் படுக்கைப் பெரியவருக்குக் காலையில் ஸ்கேன், வெறும் வயிற்றில் இருக்கவேண்டும். அதை எனக்குச் சொல்லவும் இல்லை, எழுதி வைக்கவும் இல்லை. நான் அவருக்குக் காலை உணவு கொடுத்துவிட்டேன். ஸ்கேன் தள்ளிப்போனது. அவர் மகன் என்னைப் பார்த்துக் கத்தினார். கத்த வேண்டியதுதான்.

அன்று மதியமே ஆரம்பித்தது. போனில் வார்டு குழு என்று ஒன்று உண்டு, அதில் நர்ஸ்களுக்கெல்லாம் தலைவரான மேட்ரனும் இருக்கிறார். அவர் இல்லாமல் 'சிரிப்பு மாத்திரை' என்று இன்னொரு குழுவும் வைத்திருக்கிறார்கள். அதில் யாருக்கும் தெரியாத ஓர் எண் புதிதாகச் சேர்ந்தது. பெயர் இல்லை. முகப்பில் ஒரு தலையணைப் படம். அந்த எண் என் படத்தைப் போட்டது. நர்ஸ் மேசை நாற்காலியில் சீருடையோடு சாய்ந்து, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருக்கிறேன். கீழே, 'கனவில் ஸ்கேன் எடுத்தாயிற்று' என்று வாசகம்.

அதிலிருந்து தினமும் ஏதாவது வருகிறது. ஓய்வறைக்குள் போனால் பேச்சு நின்றுவிடுகிறது. என் அலமாரிப் பிடியில் யாரோ தலையணை உறையைக் கட்டிவைத்திருந்தார்கள். நேற்று ஒரு நோயாளியின் மனைவி, "நீங்கதானாம்மா அந்தத் தூங்குற சிஸ்டர்?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டார். அதனால்தான் போனை அணைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். குழுவிலிருந்து வெளியேறவில்லை. வெளியேறினால், "கோவம் வந்துடுச்சு பாரு" என்பார்கள்.

படத்தை எடுத்தவர் என்னோடு ஷிப்டில் இருந்த யாரோதான். பெரும்பாலும் என்னோடு இருப்பவர்கள் இருவர். ஒருத்தி என் அறைத்தோழி. எந்த நேரமும் பை நிறைய பிஸ்கட் வைத்திருப்பதால் எல்லோருக்கும் அவள் பிஸ்கட். இன்னொருவர் ரத்த மாதிரி எடுக்க வரும் லேப்காரர். இரண்டு பேரும் நல்லவர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது பிஸ்கட் போனை எடுத்தாலே என் கண் அவள் விரல்மேல் போகிறது. எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

படத்தை உனக்குக் காட்டமாட்டேன். கேட்காதே.

அக்கா


ஜூலை 13

அக்கா,

படித்ததும் முதலில் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பக்கத்திலிருந்த தலையணையை நாலு குத்து குத்தினேன். அது என்னுடையது, பாவம், ஒரு குற்றமும் செய்யாதது. தலையணை மந்திரம் கேள்விப்பட்டிருக்கிறேன். தலையணையே வந்து மந்திரம் ஓதுவதை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

இனி வழக்கு என் கையில். சந்தேகப் பட்டியலைப் பார். பெரிய சிஸ்டருக்கு உன்மேல் காரணம் இருக்கிறது. ஆனால் அவர் உன் ஷிப்டில் இருப்பதில்லை, படம் எடுத்திருக்க முடியாது. எடுத்துக் கொடுத்தது வேறு கை. லேப்காரர் ஊசியோடு வருகிறவர், குத்துவது அவர் தொழில். பிஸ்கட் அக்கா உன்னோடு ஒரே அறையில் இருக்கிறார். நீ எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாய் என்பது வரைக்கும் தெரிந்தவர். வெளியே மொறுமொறு, தண்ணீரில் போட்டால் கரைந்துபோகிற ரகம். எனக்கு அவர்மேல்தான்.

ஆனால் சட்டம் ஆதாரம் கேட்கும். ஆகவே ஒரு பொறி. இரண்டு பேரிடமும் ஆளுக்கு ஒரு பொய் சொல். ஒருவரிடம் சொன்னது மற்றவருக்குத் தெரியக்கூடாது. எந்தப் பொய் தலையணையின் வாயிலிருந்து வெளியே வருகிறதோ, அதைக் கேட்ட ஆள்தான் குற்றவாளி. எளிமை, சுத்தம், செலவில்லை. லேப்காரரிடம் வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றல் கேட்டிருப்பதாகச் சொல். பிஸ்கட் அக்காவிடம் உனக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகிவிட்டது என்று சொல். மாப்பிள்ளைக்கு வேலை, உயரம் எல்லாம் நீயே வைத்துக்கொள். மூக்கு மட்டும் கொஞ்சம் சப்பையாக வை, நம்பும்படி இருக்கும்.

எனக்கு வயசு பதினாறுதான் என்று யோசிக்காதே. என் மூளைக்கு வயசு தெரியாது, அதற்குப் பிறந்தநாளே கொண்டாடியதில்லை.

இப்படிக்கு,
தலைமைத் துப்பறிவாளர்
(இணை, துணை, பியூன் எல்லாம் நானே)


ஜூலை 22

தம்பி,

சொன்னபடி செய்தேன். செய்யும்போதே நாக்கு கூசியது.

லேப்காரரிடம் மாற்றல் என்று சொன்னேன். "நல்லதும்மா, இங்க இருந்து யாரு உருப்பட்டாங்க" என்று சொல்லிவிட்டு ரத்தக் குழாய்களை அடுக்கப் போய்விட்டார். பிஸ்கட்டிடம் கல்யாணம் என்றதும் கட்டிலிலிருந்து குதித்து என்னைக் கட்டிக்கொண்டாள். "கள்ளி, இத்தனை நாள் சொல்லவே இல்ல?" என்று கன்னத்தைக் கிள்ளினாள். அவள் கையில் பிஸ்கட் தூள் இருந்தது. அது என் சட்டையெல்லாம் ஒட்டியது. எனக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

இரண்டு நாள் கழித்துப் போனைத் திறந்து பார்த்தேன். தலையணை எண் அதே படத்துக்குப் புது வாசகம் எழுதியிருந்தது: 'மாப்பிள்ளை அலாரத்தோடு வரவும்.' அதற்கு எத்தனை சிரிப்பு முகங்கள் தெரியுமா? மாற்றல் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் அறைக்குப் போனபோது அவள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். என்னுடையதுக்கும் சேர்த்துத்தான்.

"ஏன் இப்படிப் பண்ணினே?" என்றேன்.

"என்னடி பண்ணினேன்?"

"படம் எடுத்தது நீதானே? தலையணை நம்பர் நீதானே?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். "நீயா என்னைக் கேக்கறே?" என்றாள், அவ்வளவுதான். கல்யாணச் செய்தியே பொய், உன்னைப் பிடிக்கத்தான் சொன்னேன் என்றேன். அப்போது அவள் முகம் போன போக்கை எழுத முடியவில்லை. என் சட்டையை மடித்து என் கட்டில்மேல் வைத்துவிட்டு வெளியே போனாள். மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி அறைக்கு மாறிவிட்டாள்.

உன் பொறி வேலை செய்தது. எனக்கு ஏன் நிம்மதி வரவில்லை?

அக்கா


ஜூலை 26

வெற்றி! வெற்றி! வெற்றி!

(மூன்று முறை எழுதக் காரணம், நாலாவதுக்கு மை இல்லை. இது வேறு பேனா.)

நான் சொன்னேனா இல்லையா? பிஸ்கட் உடைந்தது! ஒரு கடிதம், இரண்டு பொய், ஒரு குற்றவாளி. வகுப்பில் ஊர், பேர் சொல்லாமல் கதையாகச் சொன்னேன். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். கடைசி பெஞ்சு மொத்தமும் தங்கள் வழக்குகளை என்னிடம் ஒப்படைக்க வரிசையில் நிற்கிறது. ஒருவனுக்கு டிபன் டப்பா திருட்டு, இன்னொருவனுக்குக் காதல் தோல்வி. இரண்டாவதை எடுக்கவில்லை, அதில் குற்றவாளி அவன் மூஞ்சிதான்.

நிம்மதி வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். அது உன் நல்ல மனசு. அவர் அழுதால் நீ கரைந்துவிடாதே. கெட்டவர்கள்தான் கோபப்படாமல் பார்ப்பார்கள், எத்தனை படத்தில் பார்த்திருக்கிறோம். அறைப் பூட்டை மாற்று. இனி ஒரு படமும் வராது. வந்தால் என் பெயரைத் திருப்பி எழுது, அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறேன்.

உன் தம்பி, புகழ்பெற்ற


ஆகஸ்ட் 3

தம்பி,

இதை நிதானமாகப் படி. நடுவில் குதிக்காதே.

திங்கட்கிழமை மேட்ரன் கூப்பிட்டார். மேசைமேல் என் படம், காகிதத்தில் அச்செடுத்தது. கொண்டுவந்து கொடுத்தவர் பெரிய சிஸ்டர். "எனக்கு யாரோ அனுப்பினாங்க, மறைக்க மனசு வரல மேடம்" என்றாராம். ஏழாம் படுக்கை ஸ்கேன் விஷயத்தையும் அதோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார். அன்று நான் தூங்கியதால்தான் அப்படி ஆயிற்றாம். எனக்கு விளக்கம் கேட்டு ஓர் ஆணை கொடுத்திருக்கிறார்கள். பதினாலாம் தேதிக்குள் பதில் எழுத வேண்டும்.

மேட்ரன் கெட்டவர் இல்லை. "ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்துடும்மா. எச்சரிக்கையோட முடிச்சுடறேன். இல்லேன்னு எழுதினா விசாரணை வைக்கணும். அப்புறம் உனக்கு வேலை நிரந்தரம் ஆகறது என் கையில இல்ல" என்றார். இந்த வேலை போனால் நம் வீட்டில் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பணி நேரத்தில் தூங்கிய நர்ஸ் என்று ஒரு முறை எழுத்தில் வந்துவிட்டால் வேறு ஆஸ்பத்திரி எதுவும் என்னைத் தொடாது.

வெளியே வந்து கேன்டீனில் உட்கார்ந்தேன். கேன்டீன்காரர் தேநீரை வைத்துவிட்டு, "கல்யாணமாமே சிஸ்டர், வாழ்த்துகள்" என்றார். உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டேன். "உங்க ரூம் சிஸ்டர்தான். எவ்வளவு சந்தோஷம் அவங்களுக்கு! வாழ்த்து அட்டை ஒண்ணு வாங்கி, வார்டு வார்டா எடுத்துட்டுப் போய் எல்லாரையும் கையெழுத்துப் போட வச்சாங்களே. நானும் போட்டேன். பெரிய சிஸ்டர்கூட இங்கதான் நின்னு போட்டாங்க. இன்னும் உங்ககிட்ட தரலையா?"

புரிகிறதா? கல்யாணச் செய்தி ஆஸ்பத்திரி முழுவதும் தெரிந்திருக்கிறது. யார் ரகசியமாக வைத்துக்கொள்வார்கள், கல்யாணத்தைப் போய்? உன் பொறியில் மாட்டியது, எனக்காகச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள். மாடி அறைக் கதவை இரண்டு முறை தட்டினேன். உள்ளே விளக்கு எரிந்தது. திறக்கவில்லை.

உன்மேல் கோபம் இல்லை. பொய் சொன்னது என் வாய்தான்.

இப்போது ஒன்று கேட்கிறேன். அந்தப் படத்தின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். காட்டமாட்டேன் என்றுதான் இருந்தேன். முடியவில்லை. நன்றாகப் பார்த்துச் சொல். நான் வேலை நேரத்தில் தூங்கியதில்லை. தொடர்ந்து இரவு ஷிப்ட் போட்டபோதுகூட முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆனால் படத்தில் இருப்பது நான்தான். என் முகம், என் சீருடை, எங்கள் மேசை நாற்காலி. எல்லோரும் சொல்லச் சொல்ல, ஒருவேளை தூங்கித்தான் போனேனோ என்று இருக்கிறது. இப்போதெல்லாம் ஷிப்டில் உட்காரவே மாட்டேன் என்கிறேன். கால் வீங்குகிறது. என்னையே நான் வேவு பார்க்கிறேன்.

இங்கே யாரையும் நம்ப முடியவில்லை. நான் சந்தேகிக்காத ஒரே ஆள் இப்போதைக்கு நீதான்.

அக்கா


ஆகஸ்ட் 6

அக்கா,

கடிதம் வந்தது. படமும் வந்தது.

இப்போது எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம். கையெழுத்துப் போடாதே.

அம்மா நலம். எனக்குத் தேர்வு இருக்கிறது. பிறகு எழுதுகிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 9

தம்பி,

உன் கடிதம் நாலு வரி. அதில் ஒரு கிண்டல்கூட இல்லை. காய்ச்சல் வந்து நூற்று நாலு டிகிரியில் கிடந்தபோதுகூட தெர்மாமீட்டரை வாயில் வைத்துக்கொண்டு ஏதோ உளறியவன் நீ. ஆகஸ்டில் உனக்குத் தேர்வே கிடையாது, அம்மாவிடம் விடுதி போனில் கேட்டுவிட்டேன். "ரெண்டு நாளா சாப்பிடாம சுவத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கான், நீ என்னடி எழுதினே அவனுக்கு?" என்று என்னையே கேட்கிறாள்.

நேராகக் கேட்கிறேன். படத்தைப் பார்த்ததும் நீயும் நம்பிவிட்டாயா? அக்கா தூங்கித்தான் இருக்கிறாள், அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று முழிக்கிறாயா? அப்படியென்றால் மறைக்காதே. நீயே நம்பாதபோது மேட்ரனிடம் என்னத்தைச் சொல்லி நிற்பேன்? விளக்கத்தை எழுதி வைத்துவிட்டேன். 'பணி நேரத்தில் கண்ணயர்ந்தது உண்மை, இனி நிகழாது.' ஒரே வரி. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. பதினாலாம் தேதி காலையில் கொடுத்துவிடப் போகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 11, கூரியரில்

அக்கா,

முதலில் அந்த ஒரு வரியைக் கிழித்துப் போடு. கிழித்த பிறகு மேலே படி. உன் கையில் கிழிக்க ஏதாவது இருக்கட்டும் என்பதற்காகவும்தான் சொல்கிறேன்.

நீ தூங்கினாய். வேலை நேரத்தில் இல்லை. நம் வீட்டில், கூடத்து சோபாவில்.

மே மாதம் லீவுக்கு வந்தாயே, இரவு ஷிப்ட் முடித்து, சீருடையை மாற்றக்கூட நேரமில்லாமல் அப்படியே பஸ் ஏறி. வந்து உட்கார்ந்தவள், அம்மா தண்ணீர் கொண்டுவருவதற்குள் தூங்கிப்போனாய். வாய் திறந்திருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. படம் எடுத்தேன். சுற்றியிருந்ததையெல்லாம் விரலால் வெட்டி எடுத்துவிட்டு, உன்னை மட்டும் வைத்து ஒரு ஸ்டிக்கர் செய்தேன். 'இரவுப் பணி மகாராணி' என்று அடியில் எழுதினேன். எழுத்துக்குத் தங்க நிறம் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். உன் போன் பக்கத்தில் கிடந்தது. திறக்கும் எண் எனக்குத் தெரியும். உன் போனிலிருந்தே அதை வார்டு குழுவில் போட்டேன். ஆஸ்பத்திரிக்காரர்களும் சிரிக்கட்டுமே என்று.

போட்ட பிறகுதான் பயம் வந்தது. அதில் மேட்ரனும் இருக்கிறார் என்று பெயர்களைப் பார்த்துத் தெரிந்தது. உடனே எல்லோருக்கும் அழியும்படி அழித்தேன். 'இந்தச் செய்தி அழிக்கப்பட்டது' என்று வந்த வரியையும் உன் போனில் அழித்தேன். சுத்தமாகத் துடைத்துவிட்டோம் என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன். நீ எழுந்து, "என்னடா சிரிக்கறே?" என்றாய். "ஒண்ணுமில்ல" என்றேன்.

அந்த ஒரு நிமிஷத்துக்குள் யாரோ அதை எடுத்து வைத்துக்கொண்டார்கள். என் தங்க எழுத்தை நீக்கிவிட்டு, பின்னால் உங்கள் மேசை நாற்காலியை ஒட்டியிருக்கிறார்கள். ஒட்டியது யார் என்று எனக்குத் தெரியாது. பெரிய சிஸ்டர் என்று எழுதக் கை வருகிறது. ஆனால் இதே கைதான் பிஸ்கட் என்றும் எழுதியது, அதனால் எழுதவில்லை. யார் அனுப்பினார்கள் என்று மேட்ரன் அவரிடமே கேட்கட்டும். ஒப்படைப்பைச் சொல்லாமல் விட்டது அவர்தான், அதற்கு ஒரு ஸ்டிக்கரும் தேவைப்படவில்லை. அதையும் நீ எழுத வேண்டும்.

நீ படத்தின் நகலை அனுப்பும் வரை, சத்தியமாக, எனக்கு ஞாபகமே வரவில்லை. ஷிப்டில் யாரோ எடுத்தது என்று நீ எழுதியதை அப்படியே நம்பிக்கொண்டு, நான் துப்புத் துலக்கிக்கொண்டிருந்தேன். உறையைப் பிரித்துப் பார்த்த நொடியில் தெரிந்துவிட்டது. நீயும் பார். உன் இடது காது இருக்க வேண்டிய இடத்தில் நாற்காலியின் முதுகு தெரிகிறது. முடி மறைக்கவில்லை, காதே இல்லை. வெட்டும்போது என் விரல் வழுக்கிவிட்டது. அப்போது சோம்பல்பட்டு அப்படியே விட்டேன்.

ஐந்து நாள் சொல்லவில்லை. சொன்னால் நீ சந்தேகிக்காத ஆள் என்று எழுதியதைத் திருப்பி எடுத்துக்கொள்வாயே என்று பயம். உன் கடைசிக் கடிதம் இன்று காலை வந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி என்று படித்ததும் அம்மாவிடம் போனேன். பீரோவைத் திறக்கச் சொன்னேன். எதுக்குடா என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். பொத்தான் போன ரிமோட் கணக்காக ஆரம்பிப்பாள் என்று காதைப் பொத்தத் தயாராக இருந்தேன். அவள் போர்வைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். கடைசிப் போர்வையை மடியில் வைத்துக்கொண்டு, "அதான் பொண்ணு சிக்னல் இல்லன்னாளா" என்றாள். திட்டியிருக்கலாம்.

வெட்டாத படம் என் போனில் அப்படியே இருக்கிறது. அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். நம் சோபா, பின்னால் ஜன்னல், ஓரத்தில் தண்ணீர் டம்ளரோடு அம்மாவின் கை. உன் காது இரண்டும் இருக்கின்றன. தேதியும் நேரமும் போனிலேயே பதிவாகியிருக்கின்றன, அன்று நீ லீவில் இருந்தாய் என்பது ஆஸ்பத்திரிக்கே தெரியும். அம்மா நாளை மறுநாள் போனையும் எடுத்துக்கொண்டு என்னையும் எடுத்துக்கொண்டு அங்கே வருகிறாள். மேட்ரன் முன்னால் நான் என் வாயாலேயே சொல்ல வேண்டுமாம். உன் அனுமதியை யாரும் கேட்கவில்லை. என்னுடையதையும்தான்.

பிஸ்கட் அக்காவுக்குத் தனியாக ஒரு மன்னிப்புக் கடிதம் இதற்குள் இருக்கிறது. ஐந்து முறை எழுதிக் கிழித்து ஆறாவது இது. அதில் கிண்டல் இல்லை, தேடவேண்டாம். கதவைத் திறக்காவிட்டால் அடியில் தள்ளிவிடு. வந்ததும் நானே போய்த் தட்டுகிறேன்.

போன் சமாசாரத்தில் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று உனக்கு எழுதினேன். பொய் அக்கா. அழித்தால் அழிந்துவிடும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். துப்பறிந்தேன் என்று பெஞ்சு பெஞ்சாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததில் நான் கண்டுபிடித்தது ஓர் ஆளைத்தான். அவனையும் நீ தபாலில் அனுப்பி வைக்க வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரு காதைக்கூட ஒழுங்காக வெட்டத் தெரியாது.

தம்பி